கடைசியாக வெளியே வரும் பிள்ளை

மார்ச் 4

அண்ணனுக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. உனக்கு என்ன, ஊரே இடிந்து விழுந்தாலும் அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிற ஆள், நலமாகத்தான் இருப்பாய். போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் உன் சிரிப்பைக் கேட்க வேண்டியிருக்கும். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி அங்கே புதிதாக ஒரு கிளை திறக்கிறது. மருந்தகத்துக்குப் பொறுப்பாக என்னைப் போட்டிருக்கிறார்கள். ஜூன் மூன்றாம் தேதி சேர வேண்டும். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "பதவி உயர்வு வேணாம்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் மேலாளர். உன் மாப்பிள்ளைக்கு இங்கே வேலை அடுத்த வருடம்தான் முடியும். ஆக முதல் ஒரு வருடம் நானும் குட்டியும் மட்டும்தான்.

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. வேறு யாராவது இருந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன், எந்தத் தெரு எப்படி என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. நாங்கள் குடியிருக்கப் போகிற பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று பதினோரு குறிப்புகள் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். நடைபாதை, தெருவிளக்கு, லாரி வராத சாலை, பக்கத்தில் பூங்கா, குழந்தைகள் இருக்கிற அக்கம்பக்கம், இப்படி. எல்லாவற்றுக்கும் முதலில் பள்ளிக்கூடம். மேட்டுப் பகுதியில் இருக்கிற பள்ளிதான் உங்கள் ஊரில் முதலிடமாம். இணையத்தில் மூன்று பட்டியல்களில் ஒப்பிட்டுப் பார்த்தேன், மூன்றிலும் அதுதான். ஆனால் மேட்டுப் பகுதியில் வீடு இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். அதனால் வீடு அங்கேதான் கிடைக்க வேண்டும். அங்கே காலியாக இருக்கிற வீடுகளைப் பார்த்து எழுது.

குட்டிக்கு இது மூன்றாவது பள்ளிக்கூடம். பத்து வயதில் மூன்றாவது. நான்காவது என்று ஒன்று இருக்கவே கூடாது, எனக்கு அதுதான் கவலை.

தங்கை

*

மார்ச் 11

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. என்னைப் பற்றித் தெரிந்தும் இப்படி நுணுக்கி எழுதியிருக்கிறாயே, மருந்துப் பாட்டில் லேபிள் என்று நினைத்துவிட்டாயா? அடுத்த தடவை வரிக்கு வரி இடம் விட்டுப் பெரிதாக எழுது. எண் என்றால் மீட்டர் மூடிக்கு அடியில் சேறு இருந்தாலும் படித்துவிடுவேன். எழுத்து என்றால் இன்னும் அதே பழைய அண்ணன்தான். இதை எழுதவும் மூன்று சாயங்காலம் ஆனது, அதனால் பிழை பார்க்காதே.

உன் அண்ணியிடம், "என் தங்கச்சி வர்றா" என்றேன். "கோவம் தீந்துடுச்சா?" என்று கேட்டாள். "தீரலை. ஆனா வர்றா" என்றேன். அவள் உடனே எழுந்து உள்ளறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கே தங்க மாட்டாய் என்று நான் சொல்லவில்லை. அவள் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்.

மேட்டுப் பகுதி என் கையில்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அங்கே போகிறேன். நீ கேட்ட நடைபாதை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பூங்காவும் இருக்கிறது. பூங்காவில் ஆள் இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீடு எது என்று மீட்டரைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும், விடுமுறையில் தலைதெறிக்க ஓடும். மேட்டில் அப்படி ஓடுகிற மீட்டர் குறைவு. தண்ணீர் எல்லாம் செடிக்குப் போகிறது. வீடு பார்க்கிறேன், கவலைப்படாதே.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதினொன்றையும் படித்தேன். மருந்துக்கடை எத்தனை அடி தூரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறாய். குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கிறாள்? இப்போது வாசிக்கிறாளா?

அண்ணன்

*

மார்ச் 17

அண்ணனுக்கு,

அவளைப் பற்றி நீ கேட்காதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கேட்கிற உரிமையை நான்கு வருடத்துக்கு முன்னால் நீயே தொலைத்துவிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு வாழ்த்து அட்டையைக் கொடுத்து அவளை வாசிக்கச் சொன்னார்கள். ஆறு வயது. இரண்டு எழுத்து சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. நீ சிரித்தாய். "விடுங்கப்பா, இவ என் கட்சி. மாமா மாதிரிதான் வருவா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ சொன்னபடியேதான் நடக்கிறது, போதுமா? "எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா" என்கிறாள். ஒரே வரியை இரண்டு தடவை படிக்கிறாள், ஒரு வரியைத் தாண்டிவிடுகிறாள். முதல் பள்ளியில் சோம்பேறி என்றார்கள். இரண்டாவதில் தனியாக ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டு, எங்களைக் கூப்பிட்டு, "வேற இடம் பாத்தீங்கன்னா அவளுக்கு நல்லது" என்றார்கள். டாக்டர்கள் கிறுக்குகிற சீட்டையெல்லாம் படிக்கத்தான் ஆஸ்பத்திரி எனக்குச் சம்பளம் தருகிறது. என் பெண்ணுக்கு என்னால் அச்சடித்த ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லித்தர முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் மாப்பிள்ளையிடம்கூட இந்த வார்த்தைகளில் சொன்னதில்லை.

மேட்டுப் பள்ளியில் ஏப்ரல் 16 நேர்முகம். அவர்கள் பாடப்புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். எப்போதும் இரண்டாம் பாடம்தானாம். எங்கள் நர்ஸ் ஒருத்தியின் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் அதைத்தான் வாசித்தார்களாம். புத்தகத்தை வரவழைத்துவிட்டேன். நான் வாசிக்க வாசிக்க அவள் அப்படியே பிடித்துக்கொள்கிறாள். அவள் ஞாபகம் அபாரம், பத்து நாளில் பாடம் முழுக்க வந்துவிட்டது. வரிக்கு அடியில் விரலை நகர்த்தப் பழக்கியிருக்கிறேன். 'பாலம்' என்ற சொல் வந்ததும் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அது எதற்கு என்று உனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தில் 'கற்றலில் சிரமம் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று போட்டுவிட்டேன். உள்ளே நுழைந்துவிட்டால் போதும், அப்புறம் தனியாக ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். நல்ல பிள்ளைகளோடு இருந்தால் தானாக வந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதை நீ யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. வீட்டை மட்டும் பார்.

தங்கை

*

மார்ச் 25

தங்கச்சிக்கு,

பெரிதாக எழுதியதற்கு நன்றி. ஒரே நாளில் படித்துவிட்டேன். பாலம் என்கிற இடத்துக்கு வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நான் பெயிலாகி உன் வகுப்புக்கே வந்து சேர்ந்தது. பரீட்சைக்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து நீ எனக்குப் பாடம் பாடமாக வாசித்துக் காட்டியது. ஒரு தடவை கேட்டால் எனக்கும் அப்படியே வந்துவிடும். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினோம். எட்டாம் வகுப்பில் ஆய்வாளர் வந்த அன்று எழுந்து நின்று வாசித்தேன், அதாவது ஒப்பித்தேன். இரண்டு பக்கப் பாடத்தை ஒரே பக்கத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். திருப்ப மறந்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. நீ முதல் பெஞ்சில் இருந்தாய், திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு இன்றைக்கும் உனக்கு நன்றி.

ஆனால் இதைக் கேள். அன்றைக்குப் பக்கத்தைச் சரியாகத் திருப்பியிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று நீ இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. இல்லை, தங்கச்சி. பிடிபட்டது கஷ்டம்தான். பிடிபடாமல் இருந்த இரண்டு வருடம் அதைவிடக் கஷ்டம். காலையில் எழுந்ததும் அதே பயம். இன்றைக்கு யார் எழுப்புவார்களோ, எந்தப் பக்கத்தைக் காட்டுவார்களோ என்று. உன்னிடம் சொன்னதில்லை, நீ பாவம் அவ்வளவு பாடுபட்டு வாசித்தாய்.

வீடு பார்த்தேன். மேட்டில் இரண்டு காலி. ஒன்றில் சுவர் ஈரம், வேண்டாம். இன்னொன்று நன்றாக இருக்கிறது, முதல் மாடி, இரண்டு அறை, அடுப்படியில் வெளிச்சம்.

பள்ளியையும் பார்த்தேன். எனக்குப் பட்டியல் பார்க்கத் தெரியாது, வாசலில் நின்று பார்த்தேன். கடைசியாக எந்தப் பிள்ளை வெளியே வருகிறது, எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நான்தான் எப்போதும் கடைசி, அதனால் எனக்கு அது ஒன்றுதான் தெரியும். மேட்டுப் பள்ளியில் மணி அடித்து ஏழு நிமிடத்தில் வாசல் காலி. வரிசையாக வந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாற்பது நிமிடம் கழித்துப் பின்பக்கக் கேட்டைத் திறந்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். அன்றைய பாடத்தை ஒப்பிக்காதவர்களாம், முன்வாசல் வழியாக விட மாட்டார்களாம். பக்கத்தில் நின்ற கார் டிரைவர் சொன்னார். மறுநாளும் போனேன், அநேகமாக அதே பதினெட்டுப் பேர். யாரும் யாரோடும் பேசவில்லை.

ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுப் பக்கத்தில், ஒரு பள்ளி இருக்கிறது. உன் பட்டியலில் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். அங்கே மணி அடித்ததும் ஒரே தள்ளுமுள்ளு, உனக்குப் பார்க்கச் சகிக்காது. கடைசியாக ஒரு சின்னப் பெண் வந்தாள். பை திறந்து கிடக்கிறது, ஒரு காலில்தான் ஷூ. இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் பின்னால் வருகிறார். திமிங்கிலம் தூங்குமா தூங்காதா என்று இரண்டு பேருக்கும் சண்டை. டீச்சர் தோற்றுக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்.

அண்ணன்

*

மார்ச் 31

இன்று மதியம் மருந்தகத்தில் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது மேட்டுப் பள்ளி அலுவலகத்திலிருந்து போன். "போன வாரம் தண்ணி போர்டு சட்டை போட்ட ஒருத்தர் ரெண்டு நாள் கேட் கிட்ட நின்னு பசங்களை எண்ணிக்கிட்டு இருந்தாரு. விசாரிச்சா உங்க பேரைச் சொன்னாரு. உங்க அண்ணனா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அண்ணனே இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம் என்றேன். "அவரு என்ன பாக்க வந்தாரு?" என்றார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நீ எனக்கு உதவி செய்கிறாயா, குழி பறிக்கிறாயா? வேறு என்னென்ன உளறினாய்? குட்டியைப் பற்றி ஏதாவது சொன்னாயா? எதையும் சுற்றி வளைக்காமல் எழுது. என் பெண் பின்பக்கக் கேட் வழியாகத்தான் வருவாள் என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய், நான்கு வருடத்துக்கு முன்னால் முடிவு பண்ணின மாதிரியே.

*

ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மேட்டுப் பள்ளியில் காவலாளி பிடித்து அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். தங்கச்சி பெண்ணைச் சேர்க்கப் போகிறோம், அதனால் பார்க்கிறேன் என்றேன். உன் பேரைச் சொன்னது தப்புதான். சொல்லியிராவிட்டால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். குட்டிக்கு வாசிக்க வராது என்று அங்கே சொல்லவில்லை. சத்தியம்.

ஆனால் ரயில்பாதைப் பள்ளியில் சொன்னேன். அங்கேயும் காவலாளி பிடித்தார். அந்தத் தலைமையாசிரியை உட்காரச் சொல்லி, "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். அப்படிக் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது. அவளைப் பற்றிச் சொன்னேன், என்னைப் பற்றிச் சொன்னேன், மாடிப்படியைப் பற்றிச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், ஏனென்றால் மறுபடியும் அவர் கேட்டால் மறுபடியும் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. "கூட்டிட்டு வாங்க. வாசிக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

அண்ணன் இல்லை என்று சொல்லியிருந்தாலும் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். ஆறாம் வகுப்பில் புது டீச்சர் நாம் இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டபோது நீ இல்லை என்றுதான் சொன்னாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் பென்சில் டப்பாவை எனக்குக் கொடுத்தாய். இன்னும் சிரிப்பு வருகிறது.

16ஆம் தேதி வரும்போது வீட்டுக்கு வா. உன் அண்ணி எதிர்பார்க்கிறாள்.

அண்ணன்

*

ஏப்ரல் 18

அண்ணனுக்கு,

வந்தோம். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டோம். பஸ் உங்கள் தெருமுனையில் சிக்னலில் நின்றது, நான் குனிந்து பையில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன். அண்ணியிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

நேர்முகத்தைச் சொல்கிறேன். ஒரு நீளமான மேசை, மூன்று பேர். பக்கத்துச் சுவரோரம் என்னை உட்காரவைத்தார்கள். புத்தகத்தைக் கொடுத்தார்கள், இரண்டாம் பாடமேதான். குட்டி எழுந்து நின்றாள். விரலை வைத்தாள். ஒரு சொல் பிசகவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். 'பாலம்' வந்தது. திருப்பினாள். நடுவில் இருந்தவர், "ரொம்ப நல்லா வாசிக்கிறா. வீட்டுல நிறைய புத்தகம் இருக்கோ?" என்று என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அரை மணி நேரத்தில் கையில் கடிதம். இடம் கிடைத்துவிட்டது. மே 5க்குள் வீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வாசல் தாண்டும்போது அவள் கேட்டாள், "இந்தப் பள்ளிக்கூடத்துல மொத்தம் எத்தனை பக்கம்மா?"

"எந்தப் புத்தகத்துல?"

"எல்லாத்துலயும். ஜூனுக்குள்ள முடிச்சுடுவோமா?"

ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் பயந்தோ அழுதோ கேட்கவில்லை, எத்தனை நாள் வேலை என்று ஒரு ஆள் கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் எப்படியும் வாசித்துக் காட்டுவேன், அவள் எப்படியும் ஒப்பிக்க வேண்டும், அவளைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் என்றால் அதுதான். அதை அப்படி ஆக்கியது நான்.

பஸ்ஸில் நான்கு மணி நேரம் அவள் என் தோளில் தூங்கினாள். நான் உன் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். நீ எனக்கு நன்றி சொல்லியிருந்தாய், நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று. அண்ணா, நான் ஏன் திரும்பவில்லை தெரியுமா? நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாரோடும் சேர்ந்து. திரும்பினால் நீ பார்த்துவிடுவாய் என்றுதான் திரும்பவில்லை. உனக்கு வாசித்துக் காட்டினவள் நான், நீ மாட்டிக்கொண்டதும் முதலில் சிரித்தவளும் நான்தான் என்று நினைக்கிறேன். நீ அன்று கூடத்தில் சிரித்ததற்கு நான்கு வருடம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மே 5க்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. முதலிடத்தில் இருக்கிற பள்ளியை யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா? அப்புறம் பத்து வருடம் கழித்து அவளே என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீ என்ன செய்வாய் என்று சொல்.

தங்கை

*

ஏப்ரல் 23

தங்கச்சிக்கு,

முதலில் ஒன்று. நீ சிரித்தது எனக்கு அன்றைக்கே தெரியும். உன் தோள் குலுங்கினால் பின்னால் இருக்கிறவனுக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்காமல் வேறு என்ன செய்யும். அதை விடு. நிஜமாகத்தான் சொல்கிறேன், விட்டுவிடு.

இரண்டாவது, அந்தக் கூடம். நான் சொன்னதை நீ நான்கு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய், நானும்தான். நீ கதவைச் சாத்தியதும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. நான் அவளைக் கேலி பண்ணவில்லை. அந்தக் குழந்தை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு அப்படியே தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் எல்லாரும் படித்தவர்கள், நான் ஒருத்தன்தான் இப்படி என்று இருந்தேன், எனக்கு ஒரு துணை வந்துவிட்டது என்று வாய் தானாகப் பேசிவிட்டது. சந்தோஷத்தில் சிரித்தேன். ஆனால் அவளுக்கு ஆறு வயது. 'மாமா மாதிரிதான் வருவா' என்றால் அவளுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்? அது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், உன்னிடமும் அவளிடமும்.

மூன்றாவது, நீ கேட்டது. நான் என்ன செய்வேன் என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் ரயில்பாதைப் பள்ளி என் வீட்டிலிருந்து மூன்று தெரு. நான் எதைச் சொன்னாலும் அதில் என் ஆசையும் கலந்திருக்கும், அதையும் கழித்துத்தான் நீ கேட்க வேண்டும். குறைகளைச் சொல்கிறேன். கால்மணிக்கு ஒரு தடவை ரயில் போகும், அப்போது டீச்சர் பேசுவதை நிறுத்திவிட்டு நிற்பார். நூலக அறையில் கூரை ஒழுகுகிறது, இப்போதைக்குப் பூட்டு. வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு டீச்சர், வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். அங்கே சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாதாம், கேட்டேன்.

வீடு அந்தப் பக்கம் மூன்று காலி. மூன்று தெருவிலும் மீட்டர் தலைதெறிக்க ஓடுகிறது. நீ எந்தப் பக்கம் சொன்னாலும் போய்ப் பேசி முடிக்கிறேன். மேடு என்றாலும் நான்தான் சாமான் இறக்குவேன். அதில் சந்தேகமே வேண்டாம்.

அண்ணன்

*

மே 2

அண்ணா,

நேற்று மேட்டுப் பள்ளிக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். தபால் பெட்டிக்குள் போட்ட பிறகும் கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை. பின்னால் ஒருவர் கடிதத்தோடு காத்திருந்தார், அதனால் நகர்ந்தேன். ரயில்பாதைப் பக்கம் வீடு பேசு. தரைத்தளமாக இருந்தால் நல்லது. பதினோரு குறிப்புகளையும் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னால் நீ சந்தோஷப்படுவாய், ஆனால் கிழிக்கவில்லை. நடைபாதையும் தெருவிளக்கும் எனக்கு வேண்டும், பார்த்துவிட்டு எழுது.

உன் மாப்பிள்ளை முதலில் கத்தினார். ஊரில் முதல் பள்ளியில் இடம் வாங்கிவிட்டு வேண்டாம் என்கிறாயே, புத்தி பேதலித்துவிட்டதா என்றார். நான் குட்டியைக் கூப்பிட்டு, இரண்டாம் பாடத்தை அவர் முன்னால் வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று சொன்னாள். அப்புறம் மூன்றாம் பாடத்தைத் திறந்து கொடுத்தேன். அதைச் செய்தது கொடுமைதான், எனக்குத் தெரியும். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இது இன்னும் நீ வாசிக்கலையேம்மா" என்றாள். அவர் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. தப்பு செய்துவிட்டேனோ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை நினைக்கிறேன். அந்த ஒரு டீச்சர் வேலையை விட்டுவிட்டால் என்ன செய்வது? நான்காவது பள்ளி என்று ஆகிவிட்டால்?

இன்று காலை அந்தத் தலைமையாசிரியைக்கு நானே போன் பண்ணினேன். அவளால் என்னென்ன முடியாது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டுதான் பண்ணினேன். கேட்கிறபோது எதையும் விட்டுவிடக் கூடாது என்று. அவர் அதைக் கேட்கவே இல்லை. "அவளுக்கு என்ன பிடிக்கும்?" என்றார். இரண்டு பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, அண்ணா. பத்து வருடமாகப் பக்கத்தில் இருக்கிறேன். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவளையே கேட்டேன். பரீட்சைக் கேள்வி என்று நினைத்தாளோ என்னவோ, ரொம்ப நேரம் யோசித்தாள். "நீ வாசிக்கிறதைக் கேக்கப் பிடிக்கும். நான் திருப்பிச் சொல்ல வேணாம்னா" என்றாள்.

திரும்பி வந்து தலைமையாசிரியையிடம் அதைச் சொன்னேன். முழுசாகத்தான் சொன்னேன், பின்பாதியை விடவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

மதியம் அவள் அலமாரியிலிருந்து ஒரு கதைப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மூன்று வயதில் வாங்கியது, பாதி அட்டை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுக்க வாசித்தேன். அவள் விரலை எங்கேயும் வைக்கவில்லை. கரடி கிணற்றில் எட்டிப் பார்க்கிற இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். முடித்ததும் பழக்கதோஷத்தில் என் வாய், "சரி, இப்ப நீ சொல்லு" என்று சொல்லிவிட்டது. அவள் முகம் அப்படியே சுருங்கியது. "முதல்ல..." என்று ஆரம்பித்தும்விட்டாள்.

"இல்லடா, வேணாம். சும்மாதான் வாசிச்சேன்" என்றேன்.

அவள் சொல்வதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "நிஜமாவாம்மா?" என்று கேட்டாள்.

உன் தங்கை